போர் ஓய்ந்த கிராமத்தில் பிழைப்பை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் ஓய்ந்த கிராமங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஊர்க் குழுவில் இருப்பவர்கள், தூரத்திலிருந்து பணம் அனுப்ப நினைப்பவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் கட்சி எது என்பதையும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: திரும்பி வரும் விவசாயிக்கு விவசாயம் தெரியும். அவர் கையைக் கட்டிப்போட்டிருப்பது எது என்று கண்டுபிடித்து அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான் வெளியே இருந்து போகிறவர்களின் வேலை. பல திட்டங்கள் அதை விட்டுவிட்டு மூட்டைகளை இறக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன.

சண்டை நின்றுவிட்டது, மக்கள் திரும்புகிறார்கள். முதலில் எதில் கை வைப்பது?

நாட்காட்டியில். விதைப்புக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று பாருங்கள். மழை யாருடைய டெண்டருக்கும் காத்திருக்காது. மண்வெட்டி, விதை, உழவுக்கூலி எல்லாம் விதைப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்து சேர்ந்தால் அந்தக் குடும்பம் இன்னொரு போகம் வரை நிவாரண அரிசியில்தான் காலம் தள்ள வேண்டும், அதற்குள் கொடுத்த விதையையும் சமைத்துத் தின்றிருப்பார்கள், அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. விதையோடு அறுவடை வரைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து வழி செய்ய வேண்டும் என்பது அனுபவப்பட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் சாப்பாட்டுக்கு ஒரு துறை, விதைக்கு இன்னொரு துறை என்று பிரித்து வைத்திருப்பதால் இரண்டும் ஒரே மாதத்தில் வந்து சேருவது அபூர்வம்.

நிலத்தில் கண்ணிவெடி இருக்கலாம் என்கிறார்கள். எல்லாவற்றையும் தோண்டி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்காக யாரோ ஒருவர் "அங்கே ஒன்றும் இல்லை" என்று சொன்னதை நம்பி ஏர் இறக்கவும் கூடாது.

ஒழுங்காக நடக்கும் இடத்தில் அகற்றும் குழு முதலில் கருவியோடு வருவதில்லை, நோட்டுப் புத்தகத்தோடு வருகிறது. விறகு பொறுக்கப் போகும் பெண்கள், ஆடு மேய்க்கும் பையன்கள், அந்தப் பக்கம் காவல் நின்ற பழைய போராளிகள், எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்கிறார்கள்: முகாம் எங்கே இருந்தது, யாருடைய மாடு எந்த வரப்பில் செத்தது, எந்த ஒற்றையடிப் பாதையை ஊரே விட்டு ஒதுங்கிப் போகிறது? இப்படி விசாரித்து வரைபடம் போட்டால், சந்தேகப் பட்டியலில் இருந்த நிலத்தில் பெரும்பகுதியைத் தோண்டாமலேயே விடுவித்துவிட முடிகிறது. மிச்சம் இருப்பதுதான் மெதுவான வேலை. உலோகம் கண்டுபிடிக்கும் கருவிக்கு ஆணியும் ஒன்றுதான், துப்பாக்கி ரவையும் ஒன்றுதான், வெடியும் ஒன்றுதான். அது சத்தம் போடும் ஒவ்வொரு இடத்திலும் மண்டியிட்டு, பக்கவாட்டில் இருந்து மண்ணைச் சுரண்டி, அது வெடிதான் என்று நினைத்துக்கொண்டே தோண்ட வேண்டும், கடைசியில் கிடைப்பது ஒரு தகரத் துண்டாக இருக்கும். மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1992இல் முடிந்தது. தெரிந்த கண்ணிவெடி நிலங்கள் எல்லாம் முடிந்தன என்று அந்த நாடு அறிவித்தது 2015இல்.

(அங்கே எலிகளும் வேலை செய்தன. தான்சானியாவில் பழக்கப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கப் பெரும் எலிகள் இரும்பைக் கண்டுகொள்வதில்லை, வெடிமருந்தின் வாசனையைத்தான் பிடிக்கின்றன, மேலே ஓடினால் வெடிக்காத அளவுக்கு எடையும் குறைவு. கம்போடியாவில் வேலை செய்த மகாவா என்ற எலிக்கு 2020இல் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள்.)

கொத்துக்குண்டு, அதாவது உள்ளே இருந்து நிறையச் சின்னக் குண்டுகள் சிதறி விழும் குண்டு, விழுந்த ஊர்களின் கதை வேறு. தென் லெபனானில் 2006 போரின் கடைசி நாட்களில் கொட்டப்பட்டவற்றில் வெடிக்காமல் போனவை ஆலிவ் தோப்புகளிலும் புகையிலை வயல்களிலும் கிடந்தன. அவை மண்ணுக்கு மேலேயும் கிடக்கும், கிளையில் சிக்கித் தொங்கவும் செய்யும். காய் பறிக்க மரத்தை உலுக்க வேண்டுமா, உயிரைப் பார்க்க வேண்டுமா என்பதுதான் அந்த விவசாயிகளின் நிலைமை.

ஊர்க் குழு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: எந்த நிலம் முதலில் என்ற வரிசையை நீங்களே பேசி முடிவு செய்து கொடுங்கள். கிணற்றுக்குப் போகும் பாதை, பல குடும்பங்கள் சேர்ந்து பயிர் செய்யும் வயல், மேய்ச்சல் நிலம் இவை முதலில் வரட்டும். கையில் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் பழைய இரும்பு பொறுக்கி விற்கப் போவார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். லாவோஸில் போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் அப்படி இறந்தவர்கள் நிறைய. அந்த வீடுகளுக்கு முதலில் வருமானம் வந்தால் அதுவும் உயிர் காக்கும் வேலைதான்.

பத்திரம் எரிந்துவிட்டது, நிலத்தில் வேறொரு குடும்பம் குடியிருக்கிறது. என்ன வழி?

இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஆனால் பல நாடுகள் போருக்குப் பிறகு வழக்கமான சட்டத்தைக் கொஞ்சம் வளைத்திருக்கின்றன, அது தெரிந்திருந்தால் பேச்சுவார்த்தையில் கைகொடுக்கும். கொலம்பியா 2011இல் கொண்டுவந்த 1448ஆம் எண் சட்டம், துரத்தப்பட்டவர் தனக்கும் அந்த நிலத்துக்கும் தொடர்பு இருந்ததை மேலோட்டமாகக் காட்டினால் போதும், எதிர்த்தரப்புதான் தன் உரிமையை நிரூபிக்க வேண்டும் என்று சுமையைத் திருப்பிப் போட்டது. இலங்கையில் ஒருவர் இன்னொருவரின் காணியைப் பத்து ஆண்டுகள் தடையில்லாமல் அனுபவித்தால் உரிமை கோரலாம். போரில் ஓடிப் போனவரால் எப்படித் தடுத்திருக்க முடியும்? அதனால் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தில் போரால் தம் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களைப் பாதுகாக்க 2016இல் தனிச் சட்டம் போட்டார்கள்.

சட்டம் எதுவாக இருந்தாலும் ஆதாரம் சேர்ப்பது உங்கள் வேலை. பழைய வரி ரசீது, கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்கிய சீட்டு, பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் முகவரி, எல்லைக்கல், யார் நட்ட மரம் என்று சொல்லும் பக்கத்து வீட்டுக் கிழவர் இவை எல்லாமே ஆதாரம்தான், கிழவர் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: கணவன் காணாமல் போன பெண்ணின் நிலைமை விதவையைவிட மோசம், ஏனென்றால் இறப்புச் சான்றிதழும் இல்லை, அந்தப் பெண்ணின் பெயரில் பத்திரமும் இல்லை. ருவாண்டா 1999இல் மகள்களுக்கும் சமமான வாரிசுரிமை கொடுத்து சட்டத்தை மாற்றியதற்குப் பின்னால், ஆண்கள் இல்லாத வீடுகள் நாடு முழுக்க இருந்த அந்த நிலைமையும் ஒரு காரணம்.

இப்போது குடியிருக்கும் குடும்பமும் பெரும்பாலும் வேறெங்கோ துரத்தப்பட்டதாகவே இருக்கும். அவர்களுக்குப் போக ஓர் இடம் காட்டாமல் வெளியேற்றினால் அடுத்த சண்டைக்கு நீங்களே நாள் குறிக்கிறீர்கள்.

லாரியில் விதை அனுப்புவது நல்ல காரியம்தானே?

சில நேரம். ஆனால் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

ருவாண்டாவில் 1994 படுகொலைகளுக்குப் பிறகு நாட்டில் விதையே அழிந்துபோயிருக்கும் என்று உலகமே பயந்தது, உதவி அமைப்புகள் டன் கணக்கில் விதை கொண்டுபோயின. பிறகு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தால் பீன்ஸ் விதை பெரும்பாலும் விவசாயிகளின் சொந்த அறுவடையிலும் பக்கத்துச் சந்தையிலும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அடி வாங்கியது உருளைக்கிழங்கு. ஏனென்றால் அதன் நல்ல விதைக்கிழங்கு அரசுப் பண்ணைகளையும் நிறுவனங்களையும் நம்பி இருந்தது, அவை போரில் நின்றுபோயின. ஆக, ஒரே ஊரில் ஒரு பயிருக்கு விதை இருக்கும், இன்னொரு பயிருக்கு இருக்காது. சந்தையில் விதை குவிந்து கிடந்தும் ஒரு விதவைக்கு வாங்கக் காசு இல்லாமலும் இருக்கலாம். அந்த இடத்தில் லாரி விதை, உள்ளூர் விதை வியாபாரியின் பிழைப்பையும் சேர்த்துக் கெடுக்கும். அதற்குப் பதிலாகச் சீட்டு கொடுத்து ஒரு நாள் விதைச் சந்தை கூட்டலாம். குடும்பங்கள் தங்களுக்குப் பழக்கமான ரகத்தைப் பேரம் பேசி வாங்கட்டும், வியாபாரி அந்தச் சீட்டை உங்களிடம் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளட்டும்.

உண்மையிலேயே ரகம் தொலைந்துபோகும் ஆபத்தும் உண்டு, மறுக்கவில்லை. சிரியாவில் அலெப்போ பக்கம் வறண்ட நிலப் பயிர்களின் பெரிய விதை வங்கி ஒன்று இருந்தது, இக்கார்டா என்ற ஆராய்ச்சி நிறுவனத்துடையது. போரில் அங்கே போக முடியாமல் ஆனபோது, நார்வேயின் ஸ்வால்பார்டு பனிக் கிடங்கில் முன்பே போட்டு வைத்திருந்த மாதிரிகளை 2015இல் எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் பயிரிட்டுப் பெருக்கினார்கள். அந்தக் கிடங்கில் இருந்து விதை வெளியே எடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

பணமாகக் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்களே?

அதிகம் வரும் கேள்வி, ஆதாரம் மிகக் குறைவான பயம். பல நாடுகளில் செய்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்ததில், கையில் பணம் கொடுத்ததால் மது, புகையிலைச் செலவு கூடியதாகப் பொதுவாகத் தெரியவில்லை. பணம் சரிப்படாத இடங்களும் உண்டுதான்: சாலை அடைபட்டு கடையில் சரக்கே இல்லாத ஊர், ஒரே வியாபாரி விலை வைக்கும் ஊர், பணம் வாங்கித் திரும்பும் வழியில் ஆயுதக்காரர்கள் சோதனைச் சாவடி போட்டு நிற்கும் ஊர். அங்கே பொருள் கொடுங்கள். மற்ற இடங்களில், ஒரு வீட்டுக்குக் கூரை முக்கியம், பக்கத்து வீட்டுக்குக் கடன் அடைப்பது முக்கியம் என்பதை நீங்கள் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

ஆடு, மாடு, கோழி கொடுக்கலாமா?

தீவனம், தண்ணீர், ஊசி போட ஆள் மூன்றும் இருந்தால் கொடுக்கலாம். வெளியூரில் இருந்து மொத்தமாக வாங்கி வரும் கலப்பின மாடுகள் புது மண்ணின் நோய்க்கும் வெயிலுக்கும் தாங்காமல் சாகும், கூடவே உள்ளூர் மாடுகளுக்கும் நோயைக் கொடுத்துவிட்டுச் சாகும். உள்ளூர்ச் சந்தையில், வளர்க்கப் போகும் குடும்பமே பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். காசு கொடுப்பது மட்டும் உங்கள் வேலை. கொடுத்த ஆட்டை ஒரு மாதத்தில் விற்றுவிட்டார்கள் என்று கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விற்பதற்குத்தானே ஏழை வீட்டில் ஆடே வளர்க்கிறார்கள்?

நுண்கடன் நல்ல தொடக்கமாக இருக்காதா?

முதல் போகத்துக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பயிர் கைக்கு வரப் பல மாதம் ஆகும், தவணைக்காரர் வாரம்தோறும் வருவார். அந்த இடைவெளியை அடைக்க இரண்டாவது இடத்தில் கடன், அதை அடைக்க மூன்றாவது இடத்தில் கடன். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பிறகு கடன் நிறுவனங்கள் வரிசையாக வந்து இறங்கியபோது பல பெண்கள் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். கடன்காரருக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த கதைகள், தற்கொலைகள் எல்லாம் நடந்தன. கடைசியில் 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று.

அதைவிட ஊர்ச் சேமிப்புக் குழு மேல். 1991இல் நைஜர் நாட்டில் கேர் என்ற சர்வதேச உதவி அமைப்பின் துணையோடு தொடங்கிய முறை இப்போது ஆப்பிரிக்கா முழுக்கப் பரவி இருக்கிறது. இருபது பேர் அளவில் ஒரு குழு, ஒரு தகரப் பெட்டி, அதில் மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காவது ஆள் வீட்டில். கூட்டம் கூடினால்தான் பெட்டி திறக்கும், எல்லோர் கண் முன்னால் எண்ணுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் போன கூட்டத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று வாய்விட்டுச் சொல்வார்கள். அந்தப் பணத்தில் இருந்தே ஆளுக்குக் கொஞ்சம் கடன், வட்டியும் குழுவுக்கே. ஆண்டுக் கடைசியில் மொத்தத்தையும் பங்கு பிரித்துவிடுவார்கள், அதனால் யாரும் பெரிய தொகையைச் சுருட்டிக்கொண்டு ஓடவும் வழி குறைவு. வெளியே இருந்து பெட்டியில் பணம் போடாதீர்கள். இலவசப் பணம் உள்ளே வந்தால் கடனைத் திருப்பிக் கட்டும் பழக்கம் போய்விடும். அப்புறம் குழுவும் போய்விடும்.

தையல் பயிற்சி கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.

எத்தனை பேருக்கு? ஒரு சின்ன ஊரில் முப்பது பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்து முப்பது மெஷினும் கொடுத்தால் அவர்கள் யாருக்குத் தைப்பது? ஒரு வாரம் சந்தை வாசலில் உட்கார்ந்து, ஊருக்குள் எந்தெந்தச் சாமான் வெளியில் இருந்து வருகிறது, எதை ரிப்பேர் செய்ய நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பாருங்கள். பம்ப் ரிப்பேர், போன் ரிப்பேர், கதவு ஜன்னல் வேலை, மாவு மில் இப்படி ஏதாவது கண்ணில் படும். பயிற்சியை மட்டும் கொடுத்து, தொழில் தொடங்க முதல் இல்லாமல் அனுப்புவதும் பாதி வேலைதான்.

பட்டியலில் யாரைச் சேர்ப்பது? முன்னாள் போராளிகளுக்குக் கொடுத்தால் மற்றவர்கள் கொதிக்கிறார்கள்.

கொதிக்கத்தான் செய்வார்கள். துப்பாக்கி எடுத்தவனுக்கு மாடு, அவனிடம் மாட்டைப் பறிகொடுத்தவனுக்கு ஒன்றும் இல்லை என்றால் யார் பொறுப்பார்கள்? அதே நேரம் அவர்களை அப்படியே விட்டுவிடுவதும் ஆபத்து. லைபீரியாவில் முன்னாள் போராளிகளுக்கு விவசாயப் பயிற்சியும் முதலும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்கள் விவசாயத்தில் கூடுதல் நேரம் செலவிட்டார்கள், சட்டவிரோத வேலைகளில் நேரம் குறைந்தது. பக்கத்து நாடான ஐவரி கோஸ்டில் சண்டை வெடித்தபோது, அடுத்த தவணை முதலீட்டுப் பணம் கைக்கு வரும் என்று காத்திருந்தவர்கள் கூலிப்படைக்குப் போக அவ்வளவாக ஆர்வம் காட்டவில்லை. அவர்களுக்கான உதவியை ஊருக்கான உதவியோடு சேர்த்தே கொடுங்கள். ஊர்க் குளத்தைத் தூர்வாரும் வேலையில் இரண்டு தரப்புக்கும் ஒரே கூலி என்பது மாதிரி.

பட்டியலை ஊர் நடுவில் சத்தமாகப் படியுங்கள். யாரை ஏன் சேர்த்தோம் என்று காரணத்தோடு படித்தால் பாதிச் சண்டை அங்கேயே தீரும், மறைத்து வைத்தால் தலைவரின் மச்சான்கள்தான் உள்ளே இருப்பார்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு இத்தனை நாள் தங்க இடம் கொடுத்த ஏழைக் குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள், அவர்கள் சேமிப்பும் அதிலேயே கரைந்திருக்கும்.

தண்ணீருக்கு சோலார் பம்ப் போடலாமா?

போடலாம், கூடவே ஒரு கட்டுப்பாடும் வேண்டும். ஏமனில் போரால் டீசல் கிடைக்காமல் விவசாயிகள் தாங்களாகவே சோலாருக்கு மாறினார்கள், பயிர் பிழைத்தது. ஆனால் வெயில் இலவசம் என்பதால் நாள் முழுக்க இறைக்கிறார்கள், ஏற்கெனவே தாழ்ந்திருந்த நிலத்தடி நீர் இன்னும் கீழே போகிறது. யார் எத்தனை மணி நேரம் இறைப்பது என்று கிணற்றுக்காரர்கள் கூடி முடிவு செய்யாமல் பேனலைக் கையில் கொடுக்காதீர்கள்.

சண்டை இன்னும் முழுசாக நிற்கவில்லை. இப்போது எதற்கு இதெல்லாம்?

சண்டை நடக்கும்போதும் மக்கள் பிழைத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள். அவர்கள் அதற்காகச் செய்யும் காரியங்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் நமக்கே பாடம் கிடைக்கும். ஆப்பிரிக்காவில் பல போர்ப் பகுதிகளில் விவசாயிகள் தானியத்தைக் குறைத்து மரவள்ளிக்கு மாறினார்கள். சோளத்தை அறுத்துக் குதிரில் போட்டால் ஆயுதக்காரன் ஒரே நாளில் மூட்டை கட்டிவிடுவான், மரவள்ளி மண்ணுக்குள்ளேயே மாதக் கணக்கில் கெடாமல் இருக்கும், ஓடிப் போய்த் திரும்பி வந்தும் தோண்டிக்கொள்ளலாம், கொள்ளையடிக்க வருபவனுக்கோ அதைத் தோண்டிச் சுமப்பது பெரிய வேலை. தாங்கும் திறன் என்று கூட்டங்களில் பேசுகிறார்களே, அது நடைமுறையில் இப்படித்தான் இருக்கிறது. இதைப் பார்த்த பிறகும் "விளைச்சல் அதிகம்" என்று சோள விதையை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

வெளியில் இருந்து செய்யக்கூடியதும் உண்டு. தெற்கு சூடானில் 1990களில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, மாடு வளர்க்கும் சமூகங்களில் இருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, வெயிலைத் தாங்கும் தடுப்பூசியை அவர்கள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். கால்நடை மருத்துவர் எட்டிப் பார்க்க முடியாத முகாம்களுக்கெல்லாம் அவர்கள் நடந்தே போய் மாட்டுக் கொள்ளை நோய்க்கு ஊசி போட்டார்கள். அந்த நோய் உலகத்தில் இருந்தே ஒழிந்தது என்று 2011இல் அறிவித்தபோது அதில் இவர்களுக்கும் பங்கு இருந்தது.

மனக் காயத்துக்கு என்ன செய்வது?

தூக்கமே இல்லாதவர், யாரிடமும் பேசாதவர், சாக நினைப்பவர் இவர்களுக்கு மருத்துவ உதவி வேண்டும், ஆடு கொடுத்தால் சரியாகாது. மற்ற பலருக்கு வேலையும் பக்கத்து வீட்டுப் பேச்சும் நிறைய உதவும். பயிற்சிக்கு வராதவரைச் சோம்பேறி என்று பட்டியலில் இருந்து எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

எங்களிடம் ஓராண்டுக்குத்தான் நிதி இருக்கிறது. எதைச் செய்யலாம், எதை விடலாம்?

தென்னை, முந்திரி, மா மாதிரிப் பல ஆண்டு கழித்துக் காய்க்கும் எதையும் தனியாகத் தொடங்காதீர்கள், நீங்கள் போன பிறகு தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. புதிதாகச் சங்கம் ஆரம்பிக்காதீர்கள். பழைய கூட்டுறவுச் சங்கம், மரண உதவிச் சங்கம், கோயில் குழு, பள்ளிவாசல் குழு என்று ஏதாவது ஒன்று முகாமிலேயே உயிரோடு இருந்திருக்கும், அதன் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஒழுங்காக இருந்தால் அவர்களோடு வேலை செய்யுங்கள். ஒரு விதைப்புக்குத் தேவையான பணம், அறுவடை வரைக்கும் சாப்பாடு, ஆதாரங்களைத் திரட்டி மனு எழுத ஓர் ஆள், உடைந்துபோன ஒரு வாய்க்கால் மதகு, இவ்வளவுதான் ஓராண்டில் உருப்படியாக முடியும். மிச்சம் பணம் இருந்தால் இரண்டாவது விதைப்புக்கு என்று அந்தச் சங்கத்தின் கணக்கில் போட்டுவிட்டு, யார் கையெழுத்தில் எடுக்கலாம் என்பதையும் ஊர்க் கூட்டத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.